எட்டு விழுந்த வளவு

“நிலத்தப் பாக்காதீங்க அக்கா. போற இடத்தப் பாருங்க. நிலத்தப் பாத்தா நிலத்துக்குத்தான் போவீங்க,” என்று இராசமலரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் நடந்துகொண்டே சொன்னாள் ஸுல்பிகா. சொன்னவளின் கண் நிலத்தில்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ஒரு கையால் ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்தபடி, செருப்பின் குதியால் வளவை இடைக்கிடை உதைத்துப் பார்ப்பாள். சீமெந்துத் தரையை உதைத்தது மாதிரி ‘டக்’ என்று கேட்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். மறுநாள் அதே சத்தத்துக்குக் காலை இழுத்துக்கொள்வாள்.

திருகோணமலை உட்துறைமுகத்தின் ஓரமாகப் போகும் குறுக்கொழுங்கைகளில் ஒன்றில் அவள் வீடு. “ஸ்கூட்டி டீச்சர் வீடு எது?” என்று கேட்டால் மீன்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கைகாட்டிவிட்டுப் போவார். பெயர்ப்பலகை கிடையாது. வளவைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே அடித்த தகரவேலி இருக்கிறது. அவளுடைய விளம்பரம் அதுதான். தெருவில் விழுந்தால் ஊர் பார்க்கும், ஊர் பார்த்தால் வீட்டுக்குக் கதை போகும், கதை போனால் பழகுவது அத்தோடு நின்றுபோகும். இந்த வேலிக்குள் விழுந்தால் பார்ப்பதற்கு ஒரு முருங்கை மரமும் ஸுல்பிகாவும் மட்டும்தான். முதல் நாள் வருகிற பெண்கள், கேற்றை உள்ளால் பூட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டைத் தலையில் வைப்பார்கள்.

அவள் பழக்கும் முறையே தனி. முதல் பாடத்தில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாது. வந்தவளை ஆசனத்தில் இருத்தி, இடப்பக்கம் சாயச் சொல்லி, வண்டியை மெல்ல நிலத்தில் படுக்கவைக்கப் பழக்குவாள். “முதல்ல விழப் பழகுங்க. விழத் தெரிஞ்சா ஓடுறது சும்மா விளையாட்டு.” இரண்டாம் பாடம் பிரேக். மூன்றாம் பாடம் தெரு ஒழுங்கு, அது மொத்தமும் ஒரே வசனம்: “மான் வந்தா பிரேக், மாடு வந்தா ஹோர்ன், மனிசன் வந்தா மூஞ்சப் பாக்காதீங்க.” இந்தப் பட்டணத்து மான்கள் கோட்டைப் பக்கமிருந்து கடைத்தெரு வரைக்கும் தம் பாட்டில் உலாவுகிறவை. தெருவின் இந்தப் பக்கம் நிற்கும், அந்தப் பக்கம் பார்க்கும், நடுவில் வந்து யோசிக்கும். அவற்றுக்கு பிரேக்தான் வழி. மூன்றாவது வகையைப் பற்றி அவள் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. பழக வருகிறவர்களும் கேட்பதில்லை.

தடுமாறுகிறவர்களுக்கு இன்னொரு வசனம் வைத்திருக்கிறாள்: “யோசிச்சா விழுவீங்க.” தன் சீவியத்தையும் அவள் அப்படித்தான் ஓட்டி வந்தாள். கூரைத் தகரம் மாற்றுவதா, மகள் ஜுமானாவை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, காய்ச்சலில் கிடந்த மாமியை எந்த டொக்டரிடம் கொண்டுபோவது என்று எல்லாவற்றையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிவெடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் இப்போது ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

வளவில் மரக்கறித் தோட்டம் போடுவதென்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. மருந்து அடிப்பதில்லை, கடை உரம் போடுவதில்லை, எல்லாம் சேதனப் பசளைதான் என்பதிலும் பிரச்சினை இல்லை. கத்தரியும் பச்சைமிளகாயும் யோகட் கோப்பைகளில் நாற்றாகிக் குசினி யன்னலில் வரிசையாக நிற்கின்றன. மாரி தொடங்க முதல் அவற்றை நிலத்தில் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் வளவைக் கொத்துவதா, கொத்தாமல் விடுவதா? அந்த ஒன்றில் வந்து வீடே முட்டிக்கொண்டு நிற்கிறது.

தோட்டம் அகீலின் யோசனை. அகீல் அவள் கணவன். ஜுமானா பாலர் பள்ளிக்குப் போன வயதில் கட்டாருக்குப் போனவன். அங்கே இறைச்சியும் மீனும் வைக்கும் பெரிய குளிர்க் களஞ்சியம் ஒன்றில் வேலை. ஜுமானா இப்போது பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறாள். இடையில் இரண்டு தடவை “ஒரேயடியா வந்திட்டன்” என்று சொல்லிக்கொண்டு ஊர் வந்தான். முதல் தடவை கோழி வளர்த்தான். முருங்கைக்குக் கீழே கம்பிவலை அடித்த கூடு இன்னும் நிற்கிறது. அதற்குள் ஸுல்பிகா விறகு அடுக்குகிறாள். இரண்டாம் தடவை அலங்கார மீன். அந்தச் சீமெந்துத் தொட்டியில் இப்போது ஹெல்மெட்டுகள் ஊறுகின்றன. இரண்டு தடவையும் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு நுஸ்கி என்கிற கூட்டாளி அங்கேயிருந்து கோல் எடுப்பான், நல்ல விசா ஒன்று இருக்கிறதென்பான். அன்றைக்கு ராச்சாப்பாட்டில் அகீலுக்குப் பேச்சு வராது. அடுத்த கிழமை அலுமாரிக்கு மேலே இருந்து பெட்டி இறங்கும்.

இது மூன்றாம் தடவை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு வந்தான். “இந்த முறை ஒரேயடியாத்தான் ஸுல்பி. ஐஸுக்குள்ள நிண்டு நிண்டு வெறுத்துப் போச்சு. இனி மண்ணோடதான் சீவியம்,” என்றான். சொல்லிவிட்டு, சில்லுப் பூட்டிய நீலப் பெட்டியைத் துடைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றினான். விமான நிலையத்தில் கைபிடியில் சுற்றிவிடுகிற வெள்ளைப் பட்டி கழற்றப்படவில்லை. காலையில் தலை சீவும்போது ஸுல்பிகா கண்ணாடியைப் பார்ப்பாள், பிறகு அண்ணாந்து அந்தப் பட்டியைப் பார்ப்பாள். சும்மா கழற்றி எறியக்கூடிய ஒரு கடதாசித் துண்டு. கழற்ற அவளுக்குக் கை போகவில்லை. அவனாகக் கழற்றட்டும் என்று விட்டிருந்தாள். அவனுக்கு அது அங்கே இருப்பதே தெரியவில்லை போலிருந்தது.

வளவுக்கும் ஒரு கதை உண்டு. அகீல் முதல் தரம் கட்டாருக்குப் போன வருசம், ஸுல்பிகாவோடு கூடப்பிறந்த நானாவின் பழைய ஸ்கூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. மகளைப் பள்ளிக்கு ஏற்ற வேண்டும், மாமியை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. ஸுல்பிகா கேற்றைப் பூட்டிவிட்டு, லைசன் பரீட்சையில் எட்டுப் போடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, அடுப்புச் சாம்பலால் வளவில் பெரிய எட்டு ஒன்று கீறினாள். அதில் ஓடினாள், விழுந்தாள், முழங்கை உரசி எழும்பினாள், திரும்ப ஓடினாள். லைசன் கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மச்சி. அதற்குப் பிறகு யார் யாரோ. சில்லுக்கு மேல் சில்லு ஓடி அந்த எட்டு நிலத்தில் பதிந்து, மினுமினுத்து, மழைக்கு எட்டு வடிவத்திலேயே தண்ணீர் தேங்குகிற அளவுக்கு இறுகிவிட்டது. அவன் இல்லாத வருசங்களை அவள் ஓடிக் கழித்த இடம் அது. அந்த எட்டின் மேல் அவளுக்கு ஒரு பாசம் இருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது.

கொத்துகிற பேச்சை முதலில் எடுத்தவள் அவள்தான். அகீல் பதறிப்போய் போனை நீட்டினான். அவன் பார்க்கிற வீடியோக்களில் வெள்ளைத் தாடி வைத்த யாரோ ஒருவர் வைக்கோலை விலக்கி, கறுத்த மண்ணைக் கையால் அள்ளி மணந்து பார்ப்பார்.

“கொத்திராத புள்ள. மண்ணுக்குள்ள எத்தினையோ உசிரு இரிக்கு. கொத்திப் பிரட்டினா எல்லாம் வெயில்ல செத்துப் போகும். மேலால காட்போட் மட்டைய விரி, அதுக்கு மேல எரு, அதுக்கு மேல வைக்கோல். மிச்சத்த மண்புழு பாத்துக்கும்.”

“இந்தக் கல்லுக்குள்ள மண்புழு எங்கால வரும்?”

“வரும். ரெண்டு வருசம் பொறுமையா இருந்தாச் சரி.”

ரெண்டு வருசம் என்ற சொல்லை ஸுல்பிகா குசினிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நாள் முழுக்க யோசித்தாள். இரண்டு வருசம் இருக்கப்போகிறவன்தான் அப்படிச் சொல்வான் என்று சோறு வடிக்கும்போது தோன்றியது. கறி இறக்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. கொத்தாமல் மட்டையும் வைக்கோலும் விரித்தால், நாளைக்கு அவன் போனதும் எல்லாவற்றையும் கூட்டி ஒதுக்கிவிடலாம். எட்டு அப்படியே கீழே கிடக்கும். ஒரு கிழமையில் பழையபடி பெண்கள் வருவார்கள். கொத்திவிட்டால் அந்தக் கதை முடிந்தது. பொலபொலத்த மண்ணில் சில்லு புதையும். அது திரும்ப இறுக எத்தனை வருசமோ. அப்படியானால் கொத்த வேண்டாம் என்று சொல்கிறவன், போகிறதுக்கு வழி விட்டுவைக்கிறானா? அல்லது தெரிந்தோ தெரியாமலோ அவளுக்குத்தான் வழி விட்டுவைக்கிறானா? அவனையே கேட்கலாம். ஆனால் முன்பு இரண்டு தடவையும் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் “போக மாட்டன்” என்றுதான் சொன்னான், பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. அதனால் கேட்டும் பிரயோசனமில்லை.

இதற்கிடையில் விவசாயப் போதனாசிரியர் மதுசன் ஒரு நாள் ஒழுங்கைக்கு வந்தார். வீட்டுத்தோட்டக்காரரைப் பார்த்துப் போகிறவர், நல்ல பிள்ளை. முழ நீளக் கம்பி ஒன்றை எடுத்து வளவில் ஊன்றினார். கம்பி வளைந்தது, இறங்கவில்லை. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அக்கா, கொத்தாமல் செய்யிறது நல்ல முறைதான். ஆனால் இந்த இறுக்கத்தில வேர் போகாது. முதல் ஒருக்கா ஆழமாக் கொத்தி, சேதனப் பசளை கலந்து விடுங்கோ. பிறகு காலத்துக்கும் கொத்தத் தேவையில்லை.”

“ஒருக்காக் கொத்தினாப் போதுமா?”

“ஓம். ஒருக்காக் காணும். என்ன, அந்த ஒருக்காக் கொத்தத்தான் வேணும்.”

அகீல் கம்பியை வாங்கித் தானும் ஊன்றிப் பார்த்தான். “மழ பெஞ்சா இளகும் தம்பி,” என்றான். மதுசன் சிரித்து, தேத்தண்ணி குடித்து, அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிற மாதிரித் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஸுல்பிகா இருந்த குழப்பத்தில் இன்னும் ஆழமாக இறங்கினாள்.

அன்றிலிருந்து மண்வெட்டியின் நடமாட்டம் தொடங்கியது. ஒரு நாள் காலையில் அதைக் கழுவி, பிடியை ஈரத்தில் ஊறவைத்து, வாசற்படியருகே சாத்தி வைப்பாள். இன்றைக்குக் கொத்தி முடிப்பது என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்பாள். (ஹெல்மெட்டைக் கழற்ற மறப்பது அவள் வழக்கம். அதோடேயே மீன் வாங்குவாள், அதோடேயே கீரை ஆய்வாள்.) பின்னேரம் யாராவது புதுப் பெண் கேற்றைத் தட்டி, முகத்தை மூடிக்கொண்டு “டீச்சர், உள்ளுக்கயா பழக்குவீங்க? ரோட்டுக்குப் போகத் தேவையில்லயே?” என்று கேட்டால், மண்வெட்டி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் போய்விடும். மறுநாள் கோழிக்கூட்டுக்குள் இருக்கும். அதற்கு மறுநாள் வாசலில். அகீல் ஒரு நாள் அதைத் தேடி, கிடைக்காமல், “இந்த வீட்டுல மண்வெட்டிக்கும் லீவா?” என்று கேட்டான். அவள் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தாள்.

இராசமலரிடம் மட்டும் வாய் விட்டுச் சொன்னாள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற இராசமலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சைக்கிள்கூட ஓடாதவள். வெள்ளிக்கிழமைகளில் சல்லி அம்மன் கோயிலுக்குப் போக மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று, பழக வந்திருக்கிறாள். எட்டின் ஒரு வட்டம் வந்துவிட்டது. மற்ற வட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றிவிடுவாள்.

“கொத்தச் சொன்னாக் கொத்துங்கோ ரீச்சர், வேண்டாமெண்டா விடுங்கோ. மண்ணில என்ன கிடக்கு? நான் ரெண்டு கிழமைக்குள்ள பழகிடுவன்.”

“உங்களுக்காக இல்லக்கா.”

“பிறகு?”

ஸுல்பிகா முருங்கையைப் பார்த்தாள். “அவர் நிண்டாரெண்டா கொத்தலாம். நிக்காட்டி, கொத்திட்டு நான் என்னத்தச் செய்யிற? கத்தரிக்காய்க்கு எட்டுப் போடப் பழக்கிறதா?”

இராசமலர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஆளிட்டக் கேட்டுப் பாக்கலாமே.”

“கேட்டா ‘நிக்கிறன்’ எண்டுதான் சொல்லுவாரு. அதுதானே தலைவலி.”

ஜுமானா இந்தக் கதை எதிலும் தலையிடுவதில்லை. ஆனால் ஒரு நாள், பாடம் முடிந்து ஸுல்பிகா வழமைபோல் ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளி, முன்சில்லு கேற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியபோது, கதிரையில் இருந்தபடியே சொன்னாள். “உம்மா, வாப்பாட பெட்டிய ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்க. நீங்களும் எப்பவும் வெளிக்கிடுற பக்கமாத்தானே ஸ்கூட்டர நிப்பாட்டுறீங்க.” ஸுல்பிகாவுக்குச் சுரீர் என்றது. அவசரத்துக்கு எடுக்க வசதி, அதனால்தான் என்று சொல்ல வந்தாள். பெட்டி அலுமாரிக்கு மேலே இருப்பதற்கும் அவன் அப்படி ஒரு காரணம் சொல்லக்கூடும் என்று பட்டது. வேறு எங்கே வைப்பது? வீட்டில் அதற்கு வேறு இடம் இல்லை.

கோடை முழுக்க வீசிய கச்சான் காற்று ஓய்ந்தது. துறைமுகத்துக்கு மேலே கறுப்பு ஏறி, பின்னேரங்களில் மாவு ஆலைப் பக்கமிருந்து ஈரமாக ஒரு மணம் வரத் தொடங்கியது. நாற்றுகளின் வேர் யோகட் கோப்பைகளின் அடித் துவாரத்தால் வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு வியாழக்கிழமை நுஸ்கி கோல் எடுத்தான். அகீல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனான். என்ன பேசினான் என்பது கேட்கவில்லை. இடைக்கிடை “பாப்பம், பாப்பம்” என்றது மட்டும் கேட்டது. அன்றைக்கு ராச்சாப்பாட்டில் பேசினான். நிறையவே பேசினான், அவரைக்குப் பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்று. பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். பேசியதால் ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எழும்பித் தலை சீவ நின்றபோது அண்ணாந்தாள். அலுமாரிக்கு மேலே பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம்தான் இருந்தது.

வீட்டில் அவன் இல்லை. கோல் எடுத்தாள், போன் ஓஃப். ஜுமானாவைத் தட்டிக் கேட்டாள். “வாப்பா விடியப் போனது மாதிரி சத்தம் கேட்டிச்சு உம்மா, நான் படுத்திருந்தன்,” என்று அவள் கண்ணைக் கசக்கினாள். பாஸ்போட் அலுமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குக் கீழே இருக்கும். இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். அலுமாரித் திறப்பைக் கையில் எடுத்தாள். திரும்ப ஆணியில் மாட்டினாள். சொல்லாமல் போகிறவன் இல்லை அவன். முன்பு இரண்டு தடவையும் சொல்லித்தான் போனான், அழுதும் போனான். ஆனால் இரண்டு தடவை சொல்லி அழுதவனுக்கு மூன்றாம் தடவை சொல்ல வெட்கமாக இருக்காதா? பாலை அடுப்பில் வைத்தாள், பொங்கி வடிந்தது, துடைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதிலும் ஒரு குழப்பம்.

இராசமலர் தன் நேரத்துக்கு வந்துவிட்டாள். ஸுல்பிகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினாள். “திரும்புற இடத்தில நிலத்தப் பாக்காதீங்க. மத்த வட்டத்தப் பாருங்க.” குரல் எப்போதும்போலத்தான் வந்தது. இராசமலர் முதல் வட்டம் ஓடி, வட்டங்கள் சந்திக்கிற இடத்தில் காலை ஊன்றி நின்றாள். “ரீச்சர், உங்களுக்குச் சுகமில்லையோ? முகம் வெளிறிக் கிடக்கு.” “ஓடுங்கக்கா,” என்றாள் ஸுல்பிகா.

அப்போதுதான் ஒழுங்கையில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு சில்லு உருண்டு வர, மற்றச் சில்லு உருளாமல் தாரில் இழுபட்டுக் கிறீச்சிடும் சத்தம். கேற்றைத் தட்டினார்கள். உள்ளால் பூட்டிய கொளுக்கியை ஸுல்பிகா எடுத்தாள். அகீல் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். பின்னால் நீலப் பெட்டி. அவனுக்கு முன்பாக அந்த மணம் உள்ளே வந்தது. இராசமலர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கிண்ணியாவுக்குப் போனன். நம்மட மஜீத் நானாட பட்டியில நல்ல காஞ்ச மாட்டெரு,” என்றான் மூச்சு வாங்க. “சாக்கில கட்டினா பஸ்ஸில ஏத்த மாட்டானுகள். பெட்டியெண்டா ஆரு கேக்கிற? கண்டக்டர் நான் வெளிநாட்டால வாறன் எண்டு நினைச்சு, தானே தூக்கி வெச்சான். பாலத்தால வரக்குள்ளதான் பஸ்ஸில இருந்த சனம் ஒண்ட ஒண்டு பாத்திச்சு. போன் சார்ஜ் போயிட்டு.”

பெட்டியை வளவின் நடுவில் படுக்கவைத்துச் சிப்பை இழுத்தான். உள்ளே, சட்டைகள் மடித்து வைக்கிற பட்டுத் துணி மேல், விளிம்பு வரைக்கும் எரு. இடுக்குகளில் சின்னச் சின்ன வண்டுகள் ஓடின. கைபிடியில் வெள்ளைப் பட்டி இன்னும் தொங்கியது.

“பெட்டி?” என்றாள் ஸுல்பிகா.

அகீல் பெட்டியைப் பார்த்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று யோசிக்கிற முகமாக இருந்தது. “அது இனி ஆகாது. கழுவினாலும் நாத்தம் போகாது. ஒரு சில்லும் போச்சு, பாலத்தடியில.” குனிந்து இரண்டு கையாலும் எருவை அள்ளினான். “மட்டைய விரிப்பமா? மழ வந்திரும் போல. நுஸ்கிக்கும் அனுப்பணும், ஒரு போட்டோ எடுத்து.”

ஸுல்பிகா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தெரிந்து செய்தானா? பஸ் கண்டக்டரை ஏமாற்றக் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போனானா? நுஸ்கிக்குப் போட்டோ அனுப்புவது பதில் சொல்லவா, பகிடிக்கா? நாளைக்கு வேறு பெட்டி வாங்க எத்தனை நேரம் ஆகும்? ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. அவன் முகத்தில் வியர்வையும் எருத் தூளும் சந்தோசமும்தான் இருந்தன. அவளுக்கு வேண்டிய எழுத்து எதுவும் அதில் இல்லை. விடிந்ததிலிருந்து வராமலிருந்த அழுகை மட்டும் அப்போது வந்து, ஹெல்மெட்டுக்குள்ளேயே வடிந்தது.

அவள் திரும்பி இராசமலரின் பக்கம் போனாள். ஸ்கூட்டரின் முன்சில்லைக் கேற்றின் பக்கம் திருப்பிவிட்டாள். கேற்றின் இரண்டு தகரக் கதவுகளையும், பாட நேரத்தில் ஒருநாளும் திறக்காதவற்றை, ஓரம் வரைக்கும் தள்ளித் திறந்தாள்.

“றோட்டுக்கோ?” என்றாள் இராசமலர்.

“ஒழுங்கை முடியும் மட்டும் போய்த் திரும்பி வாங்க.”

“நீங்கள் பின்னால பிடிக்க வாறியள்தானே?”

“இல்லக்கா.”

“மான் வந்தால்?”

“பிரேக்.”

ஸ்கூட்டர் வெளியே போய், ஒரு ஆட்டம் ஆடி, நேரானது. ஸுல்பிகா அதைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போய், அரிசிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தாள். “ஸுல்பி, கொத்த வேணாமெண்டு நான்...” என்று அகீல் தொடங்கினான். அவள் அபாயாவை முழங்கால் வரைக்கும் ஏற்றிச் சொருகி, எட்டின் இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கால் அகட்டி நின்று, பிஸ்மி சொல்லி ஓங்கிப் போட்டாள். மண்வெட்டி துள்ளித் திரும்பியது. நிலத்தில் வெள்ளையாக ஒரு கீறல்தான் விழுந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, எரு நிறைந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலிலும் பார்க்க உயர ஓங்கினாள்.